மாடியில் விழுந்த குருவிக்குப் புறா வளையம் போடலாமா?

வியாசை மாடிப்புறா | அக்டோபர் 12, காலை 6:52

அவசரம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வியாசர்பாடியில் எங்கள் மாடியில் புறாக் கூண்டு இருக்கிறது. பந்தயத்துக்கு விடுகிற ஹோமர் புறா முப்பது, கர்ணப்புறா பத்து. இன்று விடியற்காலை தீனி போடப் போனேன். தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. கிட்டே போனாலும் பறக்கவில்லை. வால் என்று சொல்ல ஒன்றுமில்லை. முதுகு பச்சை, வயிறு சந்தனம், வாலடியில் குங்குமம் கொட்டியது போல் சிவப்பு, கண் மேல் கறுப்புப் பட்டை, தோளில் நீலம் மினுங்குகிறது. இப்போது அட்டைப்பெட்டியில் இருக்கிறது.

இது என்ன குருவி? அப்புறம் இன்னொன்று. இந்த வருடத்துப் புறா வளையம் நான்கு என்னிடம் மிச்சம் இருக்கிறது. விடுவதற்கு முன் ஒன்றைக் காலில் போட்டுவிட்டால், அடுத்த வருடம் வந்தால் இதுதான் என்று தெரியுமே? வெளிநாட்டில் குருவிகளுக்கு இப்படி வளையம் போட்டுத்தான் கணக்கெடுக்கிறார்கள் என்று வீடியோவில் பார்த்தேன். போடலாமா?

சம்புக்காடு | அக்டோபர் 12, காலை 6:58

போடாதீர்கள் அண்ணே. போடவே போடாதீர்கள். பேருந்தில் இருக்கிறேன், பிறகு விரிவாக எழுதுகிறேன். பெட்டியை மூடி, காற்றுக்கு ஓட்டை போட்டு, இருட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம்.

ரெட்டேரி ராணி | அக்டோபர் 12, காலை 7:15

ஆறுமணிக்குருவி! பொன்னுத்தொட்டான் என்றும் சொல்வார்கள், சில ஊரில் தோட்டக்கள்ளன். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் விசில் அடிக்கும், அதனால் அந்தப் பெயர். வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து மத்திய இந்தியா வரை குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். ராத்திரியில் பறக்கிற பறவை. அக்டோபர் வந்தால் சென்னையில் எங்காவது ஒரு பால்கனியில், மாடிப்படியில், அலுவலகக் கண்ணாடிக்குக் கீழே ஒன்று விழுந்து கிடக்கும். விளக்கு வெளிச்சத்தில் குழம்பி மோதிக்கொள்வதுதான் காரணம். அடி பலமாக இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். சாயங்காலம் மரமும் புதரும் இருக்கிற இடத்தில் விடுங்கள். இறக்கை தொங்கினாலோ ரத்தம் வந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இலக்கணப்புலி | அக்டோபர் 12, காலை 7:31

தலைப்பை 'பாடும் பறவைகள்' பிரிவில் போட்டிருக்கிறீர்கள். ஆறுமணிக்குருவி கண்டிப்பான அர்த்தத்தில் பாடும்பறவை இல்லை. கிளையைப் பற்றி உட்காரும் பறவைகளின் பெரிய வரிசையில் வரும், சரி. ஆனால் மைனா, தேன்சிட்டு, சின்னான் போல் கேட்டுக் கேட்டுப் பாட்டைக் கற்றுக்கொள்ளும் கிளையைச் சேர்ந்தது அல்ல.

வியாசை மாடிப்புறா | அக்டோபர் 12, காலை 7:34

சார், பெட்டிக்குள் இருப்பதிடம் சொல்லிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டது.

சம்புக்காடு | அக்டோபர் 12, காலை 11:20

சரி, இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணே, முதலில் உங்கள் வளையம். ஹோமர் வளையத்தின் உள்விட்டம் எட்டு மில்லிமீட்டர் இருக்கும். ஆறுமணிக்குருவியின் காலில் அது குழந்தை கையில் மாட்டிய பெரியவர் வளையல். கழன்று விழுந்தால் பிழைத்தது. விழாமல் பாதத்துக்கு இறங்கி விரல்களைச் சேர்த்து மாட்டிக்கொண்டால் அந்தக் கால் போச்சு. இந்தக் குருவி நாள் முழுக்கத் தரையில் தத்தித் தத்தி, இலைச் சருகைப் புரட்டிப் புழு தேடுவது. கால்தான் அதன் பிழைப்பு.

காட்டுப் பறவைக்குப் போடுவது வாய் திறந்த அலுமினிய வளையம். தேன்சிட்டு மாதிரிச் சின்ன உயிருக்கான வளையத்தின் உள்விட்டம் இரண்டு மில்லிமீட்டர்தான், எடை ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்குகூட வராது. ஒவ்வொரு இனத்தின் காலுக்கும் எந்த அளவு என்று பட்டியலே உண்டு. தோராயம் கிடையாது.

பத்து வருடத்துக்கு முன் தெற்கே ஒரு கடலோர முகாமில் இரண்டு சீசன் எடுபிடி வேலை பார்த்தேன். விடிவதற்கு முன்னாலேயே வலை விரித்துவிட வேண்டும். கறுப்பு வலை, தலைமுடி மாதிரி மெல்லிய நூல், பன்னிரண்டு மீட்டர் நீளம், ஆளுயரத்தைத் தாண்டும். புதர் ஓரமாக, நிழலில், இரண்டு கழிக்கு நடுவே. குறுக்கே நான்கைந்து கயிறு ஓடும். ஒவ்வொரு கயிற்றுக்குக் கீழேயும் வலை தொட்டில் மாதிரித் தொய்ந்திருக்கும். குருவி மோதி அந்தத் தொட்டிலுக்குள் விழும். அரை மணிக்கு ஒரு சுற்று. வெயில் ஏறிவிட்டால் இருபது நிமிடம். மழை வந்தால், காற்று அடித்தால் வலையைச் சுருட்டிவிட வேண்டும்.

எடுப்பதுதான் வித்தை. குருவி எந்தப் பக்கத்திலிருந்து வந்து விழுந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். தப்பான பக்கத்தில் நின்று இழுத்தால் சிக்கல் இரட்டிப்பாகும். சின்னான் விரலைக் கவ்விக்கொண்டு விடாது. அதன் நாக்கு நூலில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் தலையைத் தொடவே கூடாது. எடுத்ததும் துணிப்பை. பை இருட்டு, அதனால் அடங்கிவிடும்.

மேசைக்கு வந்ததும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் கழுத்து, முதுகு உள்ளங்கையில். நெஞ்சை அழுத்தக் கூடாது. நெஞ்சுக்கூடு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. வளையத்தை இடுக்கியின் குழியில் வைத்துக் காலைச் சுற்றி மூடுவார்கள். இரண்டு முனையும் இடைவெளி இல்லாமல் தொட வேண்டும், வளையம் மேலும் கீழும் தாராளமாக ஓட வேண்டும். வளையம் போடுகிறவர் அதில் உள்ள எண்ணை உரக்கப் படிப்பார், எழுதுகிற நான் திருப்பிச் சொல்வேன். அப்புறம் இறக்கை நீளம். பழைய பிலிம் டப்பாவில் தலைகீழாக நிறுத்தி எடை. கழுத்துக்குக் கீழே இறகை வாயால் ஊதினால் தோலுக்கு அடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். நீண்ட பயணத்துக்குக் கட்டிய சோறு அது. வயிற்றை ஊதிப் பார்க்கும்போது இறகு உதிர்ந்து ரத்த நாளம் ஓடும் வெறும் தோல் தெரிந்தால் அடைகாத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வாயோரம் மஞ்சள் இருந்தால் இந்த வருடக் குஞ்சு. பழகியவர் கையில் எல்லாம் இரண்டு மூன்று நிமிடம்தான். கையைத் திறந்தால் போய்விடும்.

இதற்கெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பயிற்சி இல்லாதவர் வளையம் போடுவது சேவை கணக்கில் வராது, குற்றத்தில் வரும். நல்ல மனதோடு கேட்டீர்கள், அதனால்தான் இவ்வளவு நீளம்.

வியாசை மாடிப்புறா | அக்டோபர் 12, மதியம் 12:05

நன்றி தங்கச்சி. வளையத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் குஞ்சுக்கு ஏழாம் நாள் வாக்கில் மூடிய வளையம் போடுவோம். முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து நுழைத்து, பின்விரலைப் பின்னால் காலோடு ஒட்டி மடக்கி, கடைசியில் அதை நகத்தால் மெல்ல வெளியே எடுப்போம். ஒரு நாள் தள்ளிப்போனாலும் நுழையாது, இரண்டு நாள் முந்தினால் நிற்காது. புறாவைப் பிடிப்பதும் வேறு. நீங்கள் கழுத்தை விரலிடுக்கில் வைக்கிறீர்கள், நாங்கள் இரண்டு காலை வைப்போம்.

நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா என்று வண்டியில் கொண்டுபோய்த் திறந்துவிட்டால் திரும்பி வரும். வளையத்தில் வருடமும் எண்ணும் இருப்பதால் யார் வீட்டுப் புறா, எத்தனை வயது என்று சண்டை இல்லை. காட்டுக் குருவிக்குச் சொந்தக்காரன் கிடையாதே, எண் எதற்கு? யார் பார்ப்பார்கள்?

ரெட்டேரி ராணி | அக்டோபர் 12, மதியம் 1:40

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கை பரபரக்கிறது. நான் கணக்கு டீச்சர். இதைத் தொடங்கி வைத்தவரும் ஒரு வாத்தியார்தான்.

டென்மார்க்கில் மோர்டென்சன் என்று ஒருவர். 1890இல் துத்தநாக வளையம் போட்டுப் பார்த்தார், கனமாக இருந்தது, விட்டுவிட்டார். 1899இல் அலுமினியத்தில் எண்ணும் முகவரியும் பொறித்து நாகணவாய்களுக்குப் போட்டார். அதே முறைதான் இன்றும். இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வளையங்களில் கழகத்துக்குத் தகவல் கொடுக்கச் சொல்லும் வாசகம் பொறித்திருக்கும். 1959இல் சாலிம் அலி தலைமையில் அவர்கள் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியபோது பணம் தந்தது உலக சுகாதார நிறுவனம். வலசைப் பறவைகளோ அவற்றின் மேல் ஒட்டிய உண்ணிகளோ நோய்க் கிருமியைத் தூக்கி வருகின்றனவா என்பதுதான் அவர்கள் கவலை. 1957இல் கர்நாடகத்தில் உண்ணியால் பரவும் குரங்குக் காய்ச்சல் வந்திருந்தது அல்லவா. நம் கோடியக்கரையில் அந்தக் கழகம் பல பத்தாண்டுகளாக வளையமிட்டது. அங்கே எஸ். பாலச்சந்திரன் செய்த வேலை பறவை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

ஆக, எண்ணுக்குப் பின்னால் ஒரு பேரேடு இருக்கிறது. உங்கள் வளையத்தை மாட்டியிருந்தால், அந்தக் குருவியை யாழ்ப்பாணத்தில் ஒருவர் எடுத்துப் பார்த்தாலும் பந்தயப் புறா சங்கத்தின் எண்தான் இருக்கும். குருவி புறாவானது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொள்வார்.

பெரம்பூர் பூனைக்குட்டி | அக்டோபர் 12, மாலை 4:18

எல்லோரும் ரொம்ப ரசித்துப் பேசுகிறீர்கள். பத்து கிராம் உயிர். வலையில் தலைகீழாகத் தொங்குகிறது, அப்புறம் பை, அப்புறம் ஒரு ராட்சசன் வயிற்றை ஊதிப் பார்க்கிறான். இதைப் பாதுகாப்பு என்கிறீர்களா? பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குச் சில்லை பிடித்து வருகிறவனும் இதே வலையைத்தான் விரிக்கிறான். பச்சைச் சாயமும் சிவப்புச் சாயமும் பூசி 'கலர் குருவி' என்று விற்கிறான். பறவையின் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன வித்தியாசம்? எண்ணத்தானே வேண்டும், தொலைநோக்கியால் எண்ணுங்கள்.

சம்புக்காடு | அக்டோபர் 12, இரவு 9:02

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

ஆம், சாகும். 2011இல் அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிடிப்புகளின் பதிவை எடுத்து ஓர் ஆய்வு வந்தது. காயம் 0.59 சதவீதம், சாவு 0.23 சதவீதம். ஆயிரத்தில் ஆறுக்குக் காயம், இரண்டு மூன்று சாவு. பயிற்சி பெற்றவர்கள் கையிலேயே இவ்வளவு.

அந்த ஆயிரத்தில் ஒன்றை நானும் பார்த்திருக்கிறேன். நான் போக வேண்டிய சுற்று. டீ குடித்துக்கொண்டு பத்து நிமிடம் தாமதித்தேன். கீழ்த்தட்டு வலை தொய்ந்து புல்லைத் தொட்டுக்கொண்டிருந்ததை விடியற்காலை இருட்டில் கவனிக்கவில்லை. ஒரு கதிர்க்குருவி. எறும்பு ஏறிவிட்டது. அந்தப் பையை மேசைக்குக் கொண்டுபோன பத்தடி தூரம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. யாரும் திட்டவில்லை. பதிவேட்டில் 'இறப்பு, காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை என்னையே நிரப்பச் சொன்னார்கள்.

வலை ஒன்றுதான் என்பதும் உண்மை. இந்தியாவில் வளையமிடும் வேலையே பறவை பிடிக்கும் பரம்பரையிடம் கற்றுக்கொண்டது. பீகாரின் மிர்ஷிகார்களைக் கழகம் வேலைக்கு வைத்துக்கொண்டது. அலி உசேன் என்பவரின் கைத்திறனைப் பார்த்து அமெரிக்காவிலிருந்தே கூப்பிட்டார்கள், கொக்கு பிடிக்க. வித்தியாசம் வலையில் இல்லை, பை எங்கே திறக்கிறது என்பதில்.

தொலைநோக்கியால் எண்ணக் கூடாதா என்றால், எண்ண வேண்டும், எண்ணுகிறோம். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை முப்பதாயிரம் பேர் தொலைநோக்கியோடு எழுதிய பதிவுகளிலிருந்து வந்ததுதான். நீண்டகாலப் போக்கைச் சொல்ல முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. சரி, ஏன் குறைந்தது? அங்கேதான் தொலைநோக்கி கைவிரிக்கும். குஞ்சு பொரிப்பது குறைந்ததா? பொரித்த குஞ்சு முதல் வருடத்தைத் தாண்டவில்லையா? பெரியவை வழியில் செத்தனவா? மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. போன வருடத்துக் குருவியும் இந்த வருடத்துக் குருவியும் ஒன்றா என்று தெரியாமல் இதற்குப் பதில் கிடையாது.

பிரிட்டனில் நாணலில் கூடு கட்டும் ஒரு கதிர்க்குருவி இருக்கிறது. எண்ணிக்கை ஏறும், இறங்கும், காரணம் புரியவில்லை. பல வருட வளையக் கணக்கை வைத்துப் பார்த்தபோது, உயிரோடு திரும்புகிறவற்றின் விகிதம் மேற்கு ஆப்பிரிக்காவின் மழையோடு சேர்ந்து ஏறி இறங்கியது. சகாராவுக்குத் தெற்கே மழை பொய்த்தால் இங்கிலாந்துக் குளத்தில் பாட்டு குறைகிறது. குளக்கரையில் நின்று ஆயுள் முழுக்க எண்ணினாலும் அது தெரிந்திருக்காது.

முகத்துவாரம் | அக்டோபர் 12, இரவு 10:26

நான் எண்ணூர்ப் பக்கம். மீன்பிடித் தொழில். புறா அண்ணன் இழையை அனுப்பினார், படித்தேன்.

வலை பற்றிப் பேசுவதால் ஒரு கேள்வி. கடலில் வலை போட்டு மீன் குறைந்ததா கூடியதா என்று சொல்ல, போட்டது எத்தனை வலை என்று சொல்ல வேண்டும். போன வருடம் நான்கு வலைக்கு ஒரு கூடை இறால். இந்த வருடம் எட்டு வலைக்கு ஒரு கூடை. கூடை ஒன்றுதான், இறால் பாதியாகிவிட்டது. கண்ணி அளவு மாறினாலும் கணக்கு மாறும். குருவிக்கு அதெல்லாம் பார்ப்பீர்களா?

ரெட்டேரி ராணி | அக்டோபர் 13, காலை 5:50

அண்ணே, நீங்கள் இப்போது கேட்டதுதான் இந்தத் துறையின் முதல் பாடம். பிரிட்டனில் 1983இலிருந்தும், வட அமெரிக்காவில் 1989இலிருந்தும் அப்படித்தான் நடக்கிறது: ஒரே இடம், ஒரே நீள வலை, ஒரே நேரம், குஞ்சு பொரிக்கும் பருவத்தில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தரம், வருடா வருடம். பிடித்ததில் பெரியவை எத்தனை, அந்த வருடக் குஞ்சுகள் எத்தனை என்ற விகிதம் பிறப்பைச் சொல்லும். வளையத்தோடு திரும்ப மாட்டுகிறவை பிழைப்பைச் சொல்லும்.

மொத்தம் எத்தனை இருக்கிறது என்று மதிப்பிடுவதற்கும் ஒரு வழி உண்டு, அது மீன்காரரிடமிருந்து வந்தது. டென்மார்க்கின் பீட்டர்சன், மீனில் குறி போட்டவர். பின்னால் அமெரிக்காவில் வாத்துக்கு வளையமிட்ட லிங்கன். இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே அந்தக் கணக்கைச் சொல்வார்கள். ஒரு குட்டையில் 40 மீன் பிடித்துக் குறி போட்டு விடுகிறோம். அடுத்த வாரம் 50 பிடிக்கிறோம், அதில் 10க்குக் குறி. பிடித்ததில் ஐந்தில் ஒன்று குறியோடு இருக்கிறது. அப்படியானால் முதலில் போட்ட 40, மொத்தத்தில் ஐந்தில் ஒன்று. குட்டையில் 200.

முகத்துவாரம் | அக்டோபர் 13, காலை 9:15

குட்டையில் சரி டீச்சர். கழிமுகத்தில் வராது. ஏற்றத்தில் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும். முதல் வாரத்து மீன் இரண்டாம் வாரம் பழவேற்காட்டில் இருக்கும். அது மட்டுமா, ஒரு முறை வலையில் மாட்டித் தப்பின மடவை இரண்டாம் முறை வலையைத் தாண்டிக் குதிக்கும். அதற்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

ரெட்டேரி ராணி | அக்டோபர் 13, காலை 9:40

பி.எஸ்சி. மூன்றாம் வருடத்தில் இரண்டு வாரம் நடத்துகிற பாடத்தை நான்கு வரியில் முடித்துவிட்டீர்கள். மூடிய கூட்டமாக இருக்க வேண்டும், குறி போட்டதும் போடாததும் ஒரே மாதிரி மாட்ட வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அந்தச் சூத்திரம் பொய் சொல்லும். குருவிக்கும் வலைப் பயம் உண்டு. அதே இடத்தில் தொடர்ந்து மூன்று நாள் விரித்தால் மூன்றாம் நாள் வலைக்கு மேலே ஏறிப் பறக்கும். அதனால்தான் இப்போது பல வருடப் பதிவை எடுத்து, மாட்டும் வாய்ப்பையும் பிழைக்கும் வாய்ப்பையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறார்கள்.

இலக்கணப்புலி | அக்டோபர் 13, காலை 10:11

எல்லாம் சரி. சின்னக் குருவிக்கு வளையம் போட்டால் நூற்றுக்கு ஒன்றுகூட வேறு ஊரில் கிடைப்பதில்லை. இந்தக் காலத்தில் ஜி.பி.எஸ். பொருத்தலாமே? அலுமினியத் துண்டு எதற்கு?

சம்புக்காடு | அக்டோபர் 13, மதியம் 2:33

எட்டு கிராம் தேன்சிட்டின் முதுகில் எதை ஏற்றுவீர்கள்? உடல் எடையில் மூன்று சதவீதத்துக்கு மேல் சுமத்தக் கூடாது என்பது பொது வழக்கம். கால் கிராம்தான் வருகிறது. பேட்டரிக்கே போதாது.

வேறு ஊரில் கிடைப்பது போனஸ். அதே இடத்தில் திரும்ப மாட்டுவதுதான் சம்பளம். குளிர்காலத்தில் வருகிற கதிர்க்குருவிகள் சில, போன வருடம் இருந்த அதே புதருக்கே திரும்பும். நாடு விட்டு நாடு வந்து, அதே தெரு, அதே வேலி. இது வளையம் இல்லாமல் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆயிரம் வேலிகளில் ஒரே மாதிரி பழுப்புக் குருவி உட்கார்ந்து 'டக், டக்' என்று நாக்கை மேலண்ணத்தில் தட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். எது எது என்று யார் கண்டார்?

பெரம்பூர் பூனைக்குட்டி | அக்டோபர் 13, மாலை 6:05

சரி, ஒப்புக்கொள்கிறேன், பாதி. அப்படியானால் வடசென்னையில் ஏன் ஒருவரும் இதைச் செய்யவில்லை? தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் என்றால் பத்துக் கேமரா நிற்கிறது. இந்தப் பக்கம் புழல், ரெட்டேரி, மாதவரம், கொரட்டூர், எண்ணூர், இத்தனை தண்ணீர் இருக்கிறதே.

சம்புக்காடு | அக்டோபர் 13, இரவு 10:48

இதைத்தான் இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ஏன் சம்புக்காடு தெரியுமா? மணலிப் பக்கம் நான் பறவை பார்க்கக் கற்றுக்கொண்ட இடம் ஒரு சம்புக்காடு. ஆள் மறையும் உயரத்துக்குச் சம்பு, நடுவில் கோரை, ஓரத்தில் சீமைக்கருவேலம். சீமைக்கருவேலத்தை நானும் திட்டுவேன், ஆனால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அந்த முள்ளுக்குள் கதிர்க்குருவியும் பழுப்புக் கீச்சானும் நிறைந்திருக்கும். தூக்கணாங்குருவி சம்பு இலையைக் கிழித்து நார் எடுத்துப் போகும். சாயங்காலம் தகைவிலான்கள் கூட்டமாக வந்து சம்புக்குள் இறங்கும், சத்தம் ஒரே நொடியில் நிற்கும். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, வளையமிடும் ஒரு பெரியவரை அழைத்துப் போய் அந்த இடத்தைக் காட்டினேன். சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: 'பத்து வருடம் இந்த இடம் இப்படியே இருக்குமா?'

அடுத்த வருடம் பாதி மண் கொட்டி மேடாக்கினார்கள். அதற்கடுத்த வருடம் லாரி நிறுத்துமிடம். இப்போது சுற்றுச்சுவர்.

வலை வாங்கலாம், வளையம் வாங்கலாம், அனுமதிக்கு அலையலாம், ஆட்களைப் பழக்கலாம். பத்து வருடம் நகராமல் இருக்கும் இரண்டு ஏக்கர் புதர் இந்தப் பக்கத்தில் எங்கே கிடைக்கும்? முதல் வருடம் நாற்பது கதிர்க்குருவிக்கு வளையம் போட்டு, இரண்டாம் வருடம் ஒன்றுகூடத் திரும்ப மாட்டாவிட்டால், அவை செத்தனவா, நாம் மண் கொட்டியதால் வேறிடம் போயினவா என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது.

முகத்துவாரம் | அக்டோபர் 14, காலை 4:40

கடலுக்குப் போகும் முன் எழுதுகிறேன். தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் ஆற்றில் வலை போட்ட இடத்தில் இன்று அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேறு. முழங்கால் வரை புதையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது, கூழைக்கடா எல்லாம் கறுப்பாக நின்றன. எங்கள் வலையும் போச்சு, படகும் கறுத்துப் போச்சு. அந்த வருடத்து இறாலையும் அதற்கு முந்தின வருடத்து இறாலையும் எதை வைத்து ஒப்பிடுவது?

ஆனால் ஓர் இடம் சொல்கிறேன். காட்டுப்பள்ளிக்கு வடக்கே, பழவேற்காட்டுப் பக்கம் போகப் போக, மணல் மேட்டில் பழைய புதர் இன்னும் இருக்கிறது. குருவி சத்தம் கேட்கும். பேர் எனக்குத் தெரியாது.

நெறியாளர் | அக்டோபர் 14, காலை 8:00

துல்லியமான இடத்தைப் பொது இழையில் எழுத வேண்டாம். குருவி பிடிப்பவர்களும் படிக்கிறார்கள். தனிச்செய்தி அனுப்புங்கள்.

பெரம்பூர் பூனைக்குட்டி | அக்டோபர் 14, காலை 8:20

அது இருக்கட்டும். ஆறுமணிக்குருவி என்ன ஆச்சு?

வியாசை மாடிப்புறா | அக்டோபர் 14, மதியம் 1:12

அன்றைக்கே விட்டுவிட்டேன், எழுத மறந்துவிட்டேன். மதியத்துக்கு மேல் பெட்டிக்குள் குதிக்கிற சத்தம் கேட்டது. சாயங்காலம் பெரம்பூர் ரயில்வே குடியிருப்புப் பக்கம் பழைய மரங்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். பெட்டியைச் சாய்த்தேன். நான்கு தத்து தத்தி நின்றது. ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தது. இன்னொன்றைப் புரட்டியது. ஏதோ ஒன்றை விழுங்கிவிட்டு வேலிக்குள் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் புறா என்றால் வட்டம் அடித்துவிட்டுப் போகும்.

இப்போது வேறு ஒன்று கேட்க வேண்டும். எங்கள் மாடிக்கு ஒரு மைனா வருகிறது. இடது காலில் பாதம் இல்லை. 2020 ஊரடங்கில் தெரு முழுக்க மாடியில் காத்தாடி விட்டார்களே, அப்போது மாஞ்சா நூல் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் பிடித்து அறுத்துவிட்டேன். பாதம் கறுத்து, பத்து நாளில் உதிர்ந்துவிட்டது. சாகும் என்று நினைத்தேன். இன்று வரை வருகிறது. புறாத் தீனியில் சோளத்தை விட்டுவிட்டுக் கம்பு மட்டும் பொறுக்கும். இது கணக்கில் சேருமா?

ரெட்டேரி ராணி | அக்டோபர் 14, மதியம் 1:30

அதே மைனாதான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? வடசென்னையில் மாஞ்சாவுக்குக் கால் கொடுத்த மைனா ஒன்று மட்டுமா இருக்கும்?

வியாசை மாடிப்புறா | அக்டோபர் 14, மதியம் 1:41

டீச்சர், நாற்பது புறாவை வானத்தில் பார்த்தே பேர் சொல்வேன். இதன் வலது கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் தோல் ஓர் ஓரம் கிழிந்து ஆறிய வடு இருக்கிறது. நூலை அறுக்கும்போது என் கைக்கத்தி பட்டது. அந்த வடு என்னுடையது.

சம்புக்காடு | அக்டோபர் 14, மாலை 5:55

சேரும் அண்ணே. ஒரே பறவை, ஒரே இடம், அடையாளம் உறுதி, நான்கு வருடத்துக்கு மேல். வளையம் போட்டவர்கள் இதற்காகத்தான் தவம் கிடக்கிறார்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், வந்தது என்றால் வந்தது. வராத நாளையும் எழுத வேண்டும், அதுதான் முக்கியம். தினமும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். வராத நாளில் கூடுதலாகக் காத்திருக்கக் கூடாது, கணக்கு கெட்டுவிடும். பொங்கலுக்கு மாநிலம் முழுக்கப் பறவை எண்ணுகிறோம், அதிலும் உங்கள் மாடியைச் சேருங்கள்.

வியாசை மாடிப்புறா | ஜனவரி 18, இரவு 8:15

பழைய இழையை எழுப்புகிறேன், மன்னிக்கவும். பொங்கல் கணக்கெடுப்பில் எங்கள் மாடியிலிருந்து பதினோரு இனம். என் பேத்தி எழுதிக் கொடுத்தாள். தேன்சிட்டு, சின்னான், தையல்சிட்டு, கரிச்சான் எல்லாம் உண்டு. சிட்டுக்குருவி ஒன்றும் இல்லை, சைபர் என்று எழுதச் சொன்னேன்.

நோட்டில் இந்த வாரம்:

13, காலை 6:20. நொண்டி வந்தது. கம்பு.
14, காலை 6:25. வந்தது. போகி மறுநாள், புகை இன்னும் போகவில்லை.
15, வரவில்லை. தெருவில் காத்தாடி.
16, வரவில்லை. காத்தாடி.
17, வரவில்லை. அரை மணிக்கு மேல் காத்திருந்தேன். தங்கச்சி மன்னிக்கவும், அந்த நேரத்தை அடித்துவிட்டேன்.
18, காலை 6:22. வந்தது. கூட இன்னொன்று, இரண்டு காலும் இருக்கிறது, வாயோரம் மஞ்சள் இல்லை.